பின்னால ஆளு நிக்குது

பஸ்ஸில் மூன்று பேர் உட்காரும் சீட்டில் அவர் உட்கார்ந்தால் நான்காவது ஆளுக்கும் இடம் இருக்கும். ஒல்லியானவர் அல்ல. ஓரத்தில் பாதி உடம்பை மட்டும் வைத்து, மீதியைக் காலால் தாங்கிக்கொள்வார். பிக்கட்டியிலிருந்து ஊட்டிக்கு வரும் காலை பஸ்ஸில் நான் முதலிலேயே ஏறி ஜன்னலோரம் பிடித்துவிடுவேன். மஞ்சூர் தாண்டி ஓர் எஸ்டேட் நிறுத்தத்தில் அவர் ஏறுவார். "உள்ள தள்ளி நல்லா உட்காருங்கக்கா" என்பேன்.

"போதும் புள்ள. பின்னால ஆளு நிக்குது."

திரும்பிப் பார்த்தால் பல நாட்கள் யாருமே நிற்க மாட்டார்கள்.

நாங்கள் இருவரும் ஒரே பொறியியல் கல்லூரியில் வேலை பார்த்தோம். ஊட்டிக்கு வெளியே, சரிவை வெட்டி ஒன்றன்கீழ் ஒன்றாகக் கட்டிய கட்டடங்கள். நான் படிப்பை முடித்துப் புதிதாகச் சேர்ந்திருந்தேன். அவர் பதினைந்து வருஷமாக முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு இன்ஜினியரிங் டிராயிங் எடுத்துக்கொண்டிருந்தார். கல்லூரி வாசலுக்குள் எனக்கு அவர் மேடம், பஸ்ஸில் அக்கா.

எதையும் வரிசைப்படுத்தி எழுதிவைப்பது என் வழக்கம். ஒருமுறை டைரியின் கடைசிப் பக்கத்தில், அவர் 'பின்னால ஆளு நிக்குது' என்று சொன்ன இடங்களை எழுத ஆரம்பித்தேன். ஸ்டாஃப் ரூமில் வெயில் விழும் மேசையை அவருக்கு ஒதுக்கியபோது. கேன்டீனில் இன்னொரு வடை எடுக்கச் சொன்னபோது. ஜெராக்ஸ் மெஷினில் இருபது பக்கத்துக்கு ஏழு பக்கம் மட்டும் எடுத்துக்கொண்டு நகர்ந்தபோது. "லீவு நெறைய மிச்சம் இருக்குதுங்க மேடம், எடுத்துக்குங்க" என்று ஆபீஸ் கிளார்க் சொன்னபோது. லீவுக்குப் பின்னால் எந்த ஆள் நிற்கும் என்று எனக்குப் புரியவில்லை. பதினொன்றாவது வரியோடு நிறுத்திவிட்டேன். பாதி இடங்களில் அவருக்குப் பின்னால் நின்ற ஆள் நான்தான். அந்த வெயில் மேசை இன்றும் என்னுடையது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். இலங்கைத் தோட்டத்திலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். எஸ்டேட் லைனில், தொழிலாளர் வீட்டு வரிசையில், கடைசி வீடு. அவர் டீ போட உள்ளே போயிருந்தார். கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த அவருடைய அம்மா, நான் கேட்காமலே சொன்னார்.

"அங்க லயத்துல ஒரே காம்பரா, ஒரே ரூமு, அதுல எட்டுப் பேரு. இங்க வந்தும் அதே கததான். ராத்திரி கால நீட்டுனா இன்னொருத்தங்க மேல படும். இவ பொறந்தப்பகூடச் சத்தமா அழலம்மா. அடுத்த வீட்டு ஆளுக வேலைக்குப் போகணும், தூங்கட்டும்னு நெனச்சாளோ என்னவோ."

உள்ளேயிருந்து பதில் வந்தது. "ஆமா, பொறந்ததும் மணி பாத்தேன். சும்மா இரும்மா."

அவர் தாராளமாக நடந்துகொண்டது ஒரே விஷயத்தில்தான். டிராயிங்கில் தவறிய பிள்ளைகளுக்கு எத்தனை நேரம் வேண்டுமானாலும் கொடுப்பார். எங்கள் கல்லூரிக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் எஸ்டேட் லைனிலிருந்தும் சின்னத் தோட்டங்களிலிருந்தும் வரும் பிள்ளைகள். திண்மங்களை வெட்டினால் வெட்டிய முகம் எப்படி இருக்கும் என்ற பாடம் வந்ததும் வரிசையாக விழுவார்கள். தாளில் வரைந்த கூம்பைத் தாளிலேயே வெட்டிப் பார்க்க அவர்களுக்கு வரவில்லை. புதன்கிழமை கடைசிப் பாடவேளை நூலகத்துக்கு என்று சும்மா கிடந்தது. அதைக் கேட்டு வாங்கி, அரியர் வைத்திருந்த பிள்ளைகளை உட்காரவைத்து, ஆளுக்கொரு கேரட்டும் கத்தியும் கொடுத்தார்.

நான் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

"கேரட்டத் தலைகீழா நிறுத்துங்க. இப்ப இது கூம்பு. குறுக்க வெட்டுனா என்ன வரும்?"

"பொரியல் வரும் மேடம்."

"அது உங்கம்மா வெட்டுனா. நீ வெட்டுனா?"

"வட்டம் மேடம்."

"சாச்சு வெட்டு."

வெட்டிய முகத்தை மையில் தொட்டுத் தாளில் அச்சு வைப்பார்கள். நீள்வட்டம் வரும். பக்கச் சரிவுக்கு இணையாக வெட்டினால் பரவளையம். நேர்செங்குத்தாக வெட்டினால் அதிபரவளையம். வருஷக்கணக்காகப் படத்தில் பார்த்துப் புரியாத வளைவு கையில் ஈரமாக இருக்கும். தேவாலாவிலிருந்து வந்த ஒரு பெண், நான்கு முறை தவறியவள், வெட்டிய கேரட்டை முகத்தருகே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஐந்தாம் முறை தேறிவிட்டு, நேந்திரங்காய் சிப்ஸ் பொட்டலத்தோடு ஸ்டாஃப் ரூமுக்கு வந்தாள். அவர் இரண்டு எடுத்துக்கொண்டு பொட்டலத்தை எங்களிடம் நகர்த்தினார். என்ன சொல்லி நகர்த்தியிருப்பார் என்று எழுத வேண்டியதில்லை.

கேரட் எங்கள் தோட்டத்திலிருந்துதான் போகும். தோள் அகன்று, கோணல் இல்லாமல், முனை கூர்ந்ததாக வேண்டும் என்று அப்பாவிடம் சொல்வேன். "ஏம்மா, மண்டிக்காரங்ககூட இப்படிப் பொறுக்க மாட்டாங்க. உங்க டீச்சரம்மா கேரட்டுக்கு மாப்பிள்ளை பாக்கறாங்களா?" என்று கேட்டுக்கொண்டே பொறுக்கித் தருவார். கல்லூரியில் அவருக்குக் 'கேரட் மேடம்' என்று பெயர். சில பேராசிரியர்கள் அதைச் சொல்லிச் சிரிக்கும்போது அவரும் கூடச் சிரிப்பார்.

பொறியியல் ஆசிரியர்களுக்கான ஆண்டு மாநாடு எங்கள் ஊட்டியில்தான் நடக்கும். எந்த ஊர்க் கல்லூரி நடத்தினாலும் இடம் ஊட்டிதான். மனைவி மக்களோடு வரலாம். காலை அமர்வில் அரங்கம் நிறைந்திருக்கும். மதிய உணவு முடிந்ததும் வேன்கள் படகு இல்லத்துக்கும் பூங்காவுக்கும் கிளம்பிவிடும். பிற்பகலில் கட்டுரை வாசிக்கிறவர் தனக்கு அடுத்து வாசிக்கப்போகிற ஆளிடம்தான் பேச வேண்டியிருக்கும். ஆகவே மதியத்துக்கு முன்னால் இடம் கிடைப்பது பெரிய விஷயம்.

அந்த மாநாட்டில் ஒவ்வொரு வருஷமும் நேரம் பார்க்கிறவர் அவர். மேடைக்குக் கீழே ஒரு சின்ன மேசை, அதன்மேல் தலையில் தட்டினால் ஒலிக்கும் பித்தளை மணி. ஒரு கட்டுரைக்குப் பன்னிரண்டு நிமிஷம். பத்தாவது நிமிஷம் ஒருமுறை தட்டுவார், பன்னிரண்டாவது நிமிஷம் இரண்டு முறை. பஸ்ஸில் பாதி உடம்போடு உட்காரும் மனுஷியா இது என்று இருக்கும். ஒரு வருஷம் ஒரு துணைவேந்தர் இரண்டு முறை மணி தட்டியும் நிறுத்தாமல் பேசிக்கொண்டே போனார். அவர் நிறுத்தும்வரை இவரும் தட்டிக்கொண்டே இருந்தார். டீ இடைவேளையில் துணைவேந்தர் கோப்பையோடு வந்தார்.

"ஏம்மா, எனக்கேவா மணி அடிக்கறே?"

"உங்களுக்குப் பின்னால நாலு பேரு நிக்கறாங்கங்க ஐயா. அவங்க ராவெல்லாம் தயார் பண்ணிட்டு வந்திருக்காங்க."

துணைவேந்தர் சிரித்துவிட்டார். தனக்கு வேண்டாம் என்று ஒதுங்குவதும் இன்னொருவர் பங்கைக் காப்பதும் அக்காவுக்கு ஒரே வேலையாக இருந்தன. இரண்டாவதை எல்லோரும் பாராட்டினார்கள். முதலாவதை எல்லோரும் பயன்படுத்திக்கொண்டோம்.

நான் சேர்ந்த ஐந்தாவது வருஷம் முதன்முறையாக அவர் ஒரு கட்டுரை எழுதினார். காரணம் இருந்தது. புதன்கிழமைப் பாடவேளையை எடுத்து வேலைவாய்ப்புப் பயிற்சிக்குக் கொடுக்கப்போவதாகப் பேச்சு எழுந்திருந்தது. பாடத்திட்டத்திலேயே அந்த வகுப்புக்கு ஓர் இடம் இருந்தால் யாரும் கை வைக்க முடியாது. பாடத்திட்டக் குழுவின் தலைவர் மாநாட்டுக்கு வருவார், காலை அமர்வில் முன்வரிசையில் உட்காருவார். அவர் காதில் விழும்படி ஒரே ஒரு வேண்டுகோளை வைக்க வேண்டும்: டிராயிங் பாடத்தில் வாரம் ஒரு மணி நேரம், கையால் வெட்டிப் பார்ப்பதற்கு. ஒன்பது ஸ்லைடு. அந்த வரி ஒன்பதாவதில் இருந்தது.

"முதல்லயே சொல்லிடுங்கக்கா" என்றேன்.

"கேக்கறதுக்கு முன்னால எதுக்குக் கேக்கறோம்னு சொல்ல வேணாமா?"

கட்டுரையைத் துறைத்தலைவர் பார்த்தார். "நம்ம பேரும் இருந்தா வெயிட்டா இருக்குங்க மேடம்" என்றார். அவர் பெயர் முதலில் வந்தது, அக்காவின் பெயர் இரண்டாவது. ஆனாலும் காலை அமர்வில் கடைசி இடம் கிடைத்தது. பஸ்ஸில் தினமும் எனக்கு வாசித்துக் காட்டினார். என் போனில் நேரம் பார்ப்பேன். கடைசியாகப் பார்த்தபோது பதினொரு நிமிஷம் ஐம்பது விநாடி.

"இந்த வருசம் மணி நீ அடி. பேசறதும் மணி அடிக்கறதும் ஒரே ஆளா இருக்கக் கூடாது."

மாநாட்டன்று அரங்க வாசலில் காவலாளி அவர் பையைத் திறந்து பார்த்தார். மேலே லேப்டாப், கீழே ஒரு கிலோ கேரட், துணியில் சுற்றிய கத்தி. "ஏனுங்க மேடம், உள்ள சமையல் போட்டிங்களா?" என்றார்.

"ஆமாங்க. ஜெயிச்சா உங்களுக்கும் பரிமாறறேன்."

அவ்வளவு உற்சாகமாக நான் அவரைப் பார்த்ததில்லை. நீலப் பட்டுப்புடவை கட்டி, அதன்மேல் ஸ்வெட்டர் போடாமல் குளிரில் நின்றார்.

ஒரு மணி நேர அமர்வில் ஐந்து கட்டுரைகள். முதல் கட்டுரை சமவெளிக் கல்லூரி ஒன்றின் மூத்த பேராசிரியருடையது. என் முனைவர் பட்ட ஆய்வுக் குழுவில் அவர் இருந்தார். அடுத்த மாதம் என் அறிக்கையை அவர் முன்னால் வைக்க வேண்டும். பத்தாவது நிமிஷம் ஒருமுறை தட்டினேன். தலையசைத்தார். பன்னிரண்டாவது நிமிஷம் மணியின்மேல் கை வைத்தேன். அவர் என்னைப் பார்த்துச் சிரித்தார், நம்ம பொண்ணுதானே என்கிற சிரிப்பு. கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

இருபத்து நான்கு நிமிஷம் பேசினார். நடுவில் நான் இரண்டு முறை மணியைத் தொட்டேன், இரண்டு முறை விட்டேன். அக்கா இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். நான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

அடுத்து வந்த மூவரும் அவரவர் நேரத்துக்குள் முடித்தார்கள். அவர்களுக்கெல்லாம் ஒழுங்காக மணி அடித்தேன். அக்கா மேடையேறும்போது அமர்வு முடிய நான்கு நிமிஷம் இருந்தது. வெளியே வேன் ஓட்டுநர்கள் ஹார்ன் அடித்துக்கொண்டிருந்தார்கள். அமர்வுத் தலைவர் மைக்கைப் பிடித்து, "மேடம், ஒரு நாலு நிமிஷத்துல முடிச்சிருங்க. சாப்பாடு ரெடியாயிருச்சாம்" என்றார். அரங்கம் சிரித்தது.

"சரிங்க" என்றார்.

அவசரப்படாமல் பேசினார். பிள்ளைகள் எங்கிருந்து வருகிறார்கள் என்று சொன்னார். எங்கே தவறுகிறார்கள் என்று சொன்னார். ஐந்தாவது ஸ்லைடில் பையிலிருந்து கேரட்டை எடுத்தார். பாடத்திட்டக் குழுத் தலைவர் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். நான் அதைப் பார்த்தேன். ஆறாவது ஸ்லைடு வந்தபோது அமர்வுத் தலைவர் என் பக்கம் திரும்பி, இரண்டு விரலால் காற்றில் தட்டிக் காட்டினார்.

இரண்டு முறை மணி அடித்தேன்.

பாதி வாக்கியத்தில் நிறுத்தினார். "நன்றி" என்றார். ஒரு கையில் கேரட், இன்னொரு கையில் கத்தி. வெட்டவில்லை. அதற்குள் நாற்காலிகள் நகரும் சத்தம் தொடங்கிவிட்டது.

சாப்பாட்டு வரிசையில் துறைத்தலைவர் வந்து, "சுருக்கமா முடிச்சிட்டீங்க மேடம், அதான் நல்லது" என்றார். அக்கா தட்டில் கொஞ்சமாகச் சோறு வைத்துக்கொண்டு, "சாம்பார் நல்லாருக்கு புள்ள, ஊத்திக்க" என்று என்னிடம் சொன்னார். பாடத்திட்டக் குழுத் தலைவரின் வேன் அதற்குள் போய்விட்டது. பஸ் நிலையத்துக்கு நடக்கும் வழியில், சவாரிக்கு நிற்கும் குதிரைகளிடம் கேரட்டை ஒவ்வொன்றாக நீட்டினார். குதிரைக்காரர் ஏதோ கேட்டதற்குச் சிரித்தார். நான் அவர் பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்றே ஒன்று. அது எனக்குத் தெரிந்தும் இருந்தது.

அடுத்த பருவத்துக் கால அட்டவணையில் புதன்கிழமைப் பாடவேளை போயிருந்தது. அடுத்த மாநாட்டில் அவருக்கு மறுபடி இடம் தரும்படி நான் எழுதிக் கேட்டேன். அந்தக் கட்டுரை ஏற்கனவே வாசிக்கப்பட்டது, சான்றிதழும் வழங்கப்பட்டது, ஒரு கட்டுரையை இரு முறை எடுப்பதில்லை என்று மரியாதையாகப் பதில் வந்தது.

அவர் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பிள்ளைகளைக் கூப்பிட ஆரம்பித்தார். அவருடைய டிபன் பாக்ஸ் மாலைவரை மேசையில் இருக்கும். வயிற்றுவலி வந்தபோது, நேரத்துக்குச் சாப்பிடாததால்தான் என்று நாங்கள் எல்லோரும் சொன்னோம். அவரும் அதையே நம்பினார். மூன்று முறை ஆஸ்பத்திரிக்குப் போனார். ஒருமுறை நானும் கூடப் போனேன். டாக்டர் நிதானமாக, "வேற என்ன பண்ணுதுங்க? எடை குறைஞ்சிருக்குதுங்களா?" என்று கேட்டார். நான்கு மாதத்தில் அவருடைய ரவிக்கைகளை இரண்டு முறை பிடித்துத் தைத்தது எனக்குத் தெரியும். அக்கா கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு எஸ்டேட் பெண் நின்றிருந்தாள்.

"அதெல்லாம் இல்லைங்க. வாயுதான்" என்று எழுந்துவிட்டார்.

வெளியே வந்ததும், "ஏன்க்கா சொல்லல?" என்றேன்.

"பின்னால ஆளு நிக்குது பாரு. புள்ளைக்குக் காய்ச்சல்."

ஒருமுறையாவது அங்கே உண்மையாகவே ஆள் நின்றிருந்தது. என்னால் மறுத்துப் பேச முடியவில்லை. பேசியிருக்க வேண்டும். எனக்கும் வாய் இருந்தது, நானும் அந்த அறைக்குள்தான் நின்றிருந்தேன்.

கோயம்புத்தூரில் பார்த்துச் சொன்னபோது நோய் வயிற்றைத் தாண்டிப் போயிருந்தது. சிகிச்சையில் பலன் இல்லை என்று ஊட்டிக்கே அழைத்து வந்து, ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் வைத்திருந்தார்கள். ஒரு புதன்கிழமை மாலை கல்லூரி முடிந்து பார்க்கப் போனேன். கூட இருந்த அவருடைய தம்பி மனைவி எனக்கு ஸ்டூலைத் தந்துவிட்டு டீ வாங்கக் கீழே போனார். அந்தக் கட்டிலிலும் அவர் ஓரமாகத்தான் படுத்திருந்தார்.

போகும் வழியெல்லாம் மனதில் எழுதி வைத்திருந்ததைச் சொன்னேன். "அக்கா, அன்னிக்கு அந்தப் புரபசருக்கு நான் மணி அடிக்கல. உங்களுக்கு அடிச்சேன்."

"பாத்துக்கிட்டுத்தான இருந்தேன். ரெண்டு தடவ தொட்டே, ரெண்டு தடவ விட்டுட்டே."

"ஏன்க்கா ஒண்ணுமே கேக்கல?"

"உன்ன என்னத்தக் கேக்கறது? நான் அவங்களக் கேட்டிருக்கணும். இன்னும் ரெண்டு நிமிசம் குடுங்கன்னு. என்ன ஆயிருக்கும்? சாம்பார் ஆறியிருக்கும்."

சிரிக்க முயன்றார், வலித்தது. கொஞ்ச நேரம் கண்ணை மூடியிருந்தார்.

"டாக்டரு மூணு மாசம்னாரு. கூடக் கெடைக்காதுங்களான்னு கேட்டேன் புள்ள. வாய்விட்டுக் கேட்டேன். அவரு பாவம், பேனாவையே பாத்துட்டிருந்தாரு."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். வார்டில் விளக்குப் போட்டார்கள். தம்பி மனைவி டீயோடு வந்தார். குடித்துவிட்டு எழுந்தேன்.

"இரு புள்ள" என்றார். "இன்னும் கொஞ்ச நேரம் இரு."

ஆறு வருஷத்தில் அவர் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான். எங்கள் ஊருக்குக் கடைசி பஸ் ஆறு மணிக்கு. மறுநாள் காலை தேர்வுக் கண்காணிப்பு. ஞாயிற்றுக்கிழமை வந்து நாள் முழுக்க உட்காரலாம் என்று அந்தக் கணத்திலேயே திட்டம் போட்டுவிட்டேன். கைக்கடிகாரத்தை மட்டும் பார்த்தேன்.

அவர் அதைப் பார்த்தார்.

"பஸ்ஸு போயிரும்ல" என்றார். "கிளம்பு, கிளம்பு." கையை அவரே விடுவித்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை விடியற்காலை இறந்துபோனார்.

அந்தப் புதன்கிழமை படிகளில் ஓடி இறங்கி, ஆறுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது நிறுத்தத்துக்கு வந்துவிட்டேன். லேசாகத் தூறியது. அங்கிருந்து பார்த்தால் ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடி தெரியும். அவர் வார்டின் ஜன்னலில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பஸ் அன்று இருபது நிமிஷம் தாமதமாக வந்தது.